உடும்பு என்று எழுதிய பெயர்

அந்த நோட்டு இன்னும் கடையில் கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. நாற்பது பக்க நோட்டு, பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு அச்சிட்டது. பணம் கட்டி இணையத்தில் சீட்டாடிய இரண்டு ஆண்டுகளில், எதிரே உட்கார்ந்தவர்களைப் பற்றி நான் எழுதி வைத்தவை அதில் இருக்கின்றன. ஆட்டம் நின்று மாதங்கள் ஆகிவிட்டன. எடைக்குப் போட்டிருக்கலாம், பழைய பேப்பர்காரர் வரும்போதெல்லாம் கை அதன் பக்கம் போய்த் திரும்பிவிடுகிறது. ஒரே ஒரு பக்கம்தான் காரணம். அதன் தலையில் ஒரு பெயர், செயலியில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். கடைசியில் நான்கு எண்கள். பிறந்த வருடமோ, வண்டி எண்ணோ. பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘உடும்பு’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். கீழே குறிப்புகள். ‘எந்தச் சீட்டு வந்தாலும் உள்ளே வருவார்.’ ‘ஒரு ஜோடி கிடைத்துவிட்டால் கடைசிவரை கூடவே வருவார்.’ ‘இவரிடம் பொய் சொல்லக் கூடாது.’ ‘தோற்றுக்கொண்டிருந்தால் 12 மணிக்கு மேல் எதையும் விடமாட்டார்.’ நாடி பிடித்த வைத்தியர் எழுதியதைப் போல அத்தனை கவனமாக இருக்கிறது. அந்தக் கவனம் எதற்காக என்று நினைக்கும்போது வயிற்றில் ஏதோ புரளுகிறது.

ரம்மியில் தொடங்கி போக்கருக்குப் போனவன் நான். வையம்பட்டியில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. இரவு ஒன்பதுக்கு ஷட்டரை இறக்கியபின் வீட்டு மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஆடுவேன். 1 ரூபாய், 2 ரூபாய் மேசை, அதாவது சீட்டு பகிரும்முன் இரண்டு பேர் கட்டாயமாக வைக்க வேண்டிய பணம் அது. உட்கார 200 ரூபாய். ஆறு பேர், ஆறு வட்டம், முகமில்லாத ஆறு பெயர்கள். சிறிய மேசையில் உட்கார்ந்தவன் முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது, செயலி ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பது. சமமாக ஆடத் தெரிந்த ஆறு பேர் தங்களுக்குள் விடிய விடிய ஆடினால், விடியும்போது ஆறு பேர் பணத்தையும் கூட்டிப் பார்த்தால் குறைந்திருக்கும். ஆகவே இங்கே நன்றாக ஆடுவது என்றால், தன்னைவிடத் தவறாக ஆடுகிறவரைக் கண்டுபிடித்து அவர் பக்கத்தில் இருப்பது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் மூன்று மாத இழப்பு சொல்லித் தந்தது. அதற்குப் பிறகுதான் நோட்டு வந்தது. மனிதர்களை மூன்று வகையாகப் பிரித்தேன். ஆமை: ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ வரும்வரை ஓட்டுக்குள்ளேயே இருப்பவர். அவர் கட்டாயமாக வைக்கிற சில்லறையை நீங்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே இருக்கலாம். அவர் தலையை வெளியே நீட்டினால் மட்டும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். காளை: கையில் ஒன்றுமே இல்லாமல் பணத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர். அவரை எதிர்த்து முட்டக் கூடாது. சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு, ஏற்றிய பணத்தைக் கட்டிக்கொண்டே காத்திருந்தால் தானாகவே வந்து விழுவார். மூன்றாவது உடும்பு. அவர் ஏற்ற மாட்டார், இறங்கவும் மாட்டார். பிடித்ததைப் பிடித்தபடி இருப்பார். சிறிய மேசைகளில் அதிகம் இருந்தவர் இவர்தான், அந்த மேசைகள் நடந்ததே இவரால்தான்.

ஒரு கையை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பது புரியாது. 2024, கோடை. என் கையில் ஆர்ட்டின் ராஜாவும் ராணியும். 6 ரூபாய்க்கு ஏற்றினேன். கட்டாயமாக 2 ரூபாய் வைத்திருந்த உடும்பு மட்டும் கூட வந்தார். இன்னொருவர் கட்டாயமாக வைத்துவிட்டு விலகிய 1 ரூபாயும் சேர்ந்து நடுவில் 13 ரூபாய். மேசையில் இருவருக்கும் பொதுவாக ராஜா, ஏழு, இரண்டு திறந்தன. 13 வைத்தேன், வந்தார். நான்காவது சீட்டு ஒன்பது. 39 வைத்தேன், வந்தார். ஐந்தாவது, நாலு. இந்த இடத்தில் விவரமான ஆட்டக்காரருக்கு எதிரே இருந்திருந்தால் நான் மூன்றாம் முறை வைத்திருக்க மாட்டேன். ராஜா ஜோடிக்குத் தோற்கும் சீட்டை அவர் போட்டுவிடுவார். ஜெயிக்கும் சீட்டோடு மட்டும்தான் கூட வருவார். அப்படி வைப்பது நஷ்டம் மட்டுமே. ஆனால் உடும்புக்கு எதிரே கணக்கு வேறு. அவர் எதை வைத்துக்கொண்டும் வருவார் என்பதால் 117 ரூபாய் வைத்தேன், நடுவில் இருந்த அதே தொகை. திரையில் அவர் வட்டத்தைச் சுற்றி நேரம் தேய்ந்துகொண்டே வந்தது. யோசிக்கிறார். கைபேசி என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. ரயில் ஒன்று திண்டுக்கல் பக்கம் போனது. நேரம் தீரும் தறுவாயில் பணத்தைப் போட்டார். ஏழு ஜோடி. மொத்தம் 175 ரூபாய் அவர் கையைவிட்டுப் போனது. அந்த வருடம் நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்துக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். ஆறு ஏழு நிமிடத்துக்குள் அதில் பாதிக்கு மேல். அப்போது எனக்கு இந்த ஒப்பீடு தோன்றவில்லை. நன்றாக ஆடினேன் என்றுதான் தோன்றியது. நன்றாகத்தான் ஆடியிருக்கிறேன், இன்று பார்த்தாலும் அந்தக் கையில் பிழை இல்லை. தொந்தரவு அங்கேதான் தொடங்குகிறது.

சின்ன வயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ஒத்தையா ரெட்டையா ஆடுவோம். எதிராளியைப் படிக்கும் இந்தக் கல்வி முழுவதும் அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பிறகு பட்டது. ஒத்தையும் ரெட்டையும் எந்த ஒழுங்கும் இல்லாமல் பாதிக்குப் பாதி வைத்தால் உங்களை யாராலும் ஜெயிக்க முடியாது. உங்களாலும் யாரையும் ஜெயிக்க முடியாது. ஜெயிக்க வேண்டுமானால் ஒரு பக்கம் சாய வேண்டும். எதிரே இருக்கும் பையன் தோற்றதும் அடுத்த முறை மாற்றி வைப்பான் என்று தெரிந்தால் அதற்கேற்பச் சாயலாம். சாய்ந்த கணத்தில் நீங்களும் பிடிபடக்கூடியவர் ஆகிறீர்கள். எட்கர் ஆலன் போ 1844இல் எழுதிய துப்பறியும் கதை ஒன்றில் இதே ஆட்டத்தைக் கோலிக்குண்டு வைத்து ஆடும் பையன் வருகிறான். பள்ளிக்கூடத்துக் குண்டுகளையெல்லாம் ஜெயித்துவிடுகிறான். எதிரே இருப்பவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று அறிய, தன் முகத்தை அவன் முகம் போலவே ஆக்கிக்கொண்டு, அப்போது தன் மனத்தில் என்ன எழுகிறது என்று கவனிப்பானாம். வாசித்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது. எங்களுக்கு முகம்கூடக் கிடையாது. எவ்வளவு நேரம் யோசிக்கிறார், எவ்வளவு வைக்கிறார், எத்தனை மணிக்கு வருகிறார், இவ்வளவுதான் தெரியும். அதை வைத்தே முகம் ஒன்று செய்துகொள்கிறோம். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்தில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 கைகள் ஆடி ஜெயித்தது. 2019இல் புளூரிபஸ் என்ற இன்னொன்று ஆறு பேர் மேசையிலும் ஜெயித்தது. இரண்டும் எதிராளியின் பலவீனத்தைத் தேடிப்போவதை வழியாகக் கொண்டவை அல்ல. யார் எப்படி ஆடினாலும் எளிதில் ஏமாற்ற முடியாத ஓர் ஆட்டத்தைக் கணக்கிட்டு ஆடின. எதிரே இருந்தவர்கள் தங்கள் தவறுகளாலேயே தோற்றார்கள். இயந்திரம் என்றால் இரக்கமற்றது என்று நினைப்போம். ஆனால் அந்த இயந்திரம் யாரைப் பற்றியும் நோட்டுப் போடவில்லை. போட்டவன் நான்.

அந்த இயந்திரத்தின் கணக்கில் பொய்க்கும் ஓர் அளவு உண்டு. நடுவில் 100 இருக்கும்போது நீங்கள் 100 வைத்தால், அப்படி வைக்கும் மூன்று தடவையில் ஒரு தடவை கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. அப்போதுதான் எதிராளிக்குக் கூட வருவதும் விடுவதும் ஒன்றாகவே ஆகும். 200ஐ எடுக்க அவர் 100 போடுகிறார். மூன்றில் ஒன்று ஜெயித்தால் போட்டது திரும்பிவிடும். கையில் ஒன்றும் இல்லாமல் வைக்கும் அந்தப் பொய்யைத்தான் நாங்கள் பிளஃப் என்போம். உடும்புக்கு எதிரே இந்த மூன்றில் ஒன்று பூஜ்யமாகிறது. விடாதவரிடம் பொய் சொல்லி என்ன பயன்? அதனால்தான் நோட்டில் ‘இவரிடம் பொய் சொல்லக் கூடாது’ என்று எழுதினேன். ஓராண்டுக்கு மேல் அவரிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் பணம் வைத்தபோதெல்லாம் கையில் சீட்டு இருந்தது. அவர் மட்டும் அதைக் கவனித்திருந்தால், நான் வைத்தவுடன் சீட்டைக் கீழே போட்டுவிட்டு என்னைச் சுலபமாகத் தோற்கடித்திருக்கலாம். வாழ்க்கையில் வேறு எவரிடமும் இவ்வளவு காலம் இவ்வளவு உண்மையாக நான் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். அந்த உண்மைதான் அவரிடமிருந்து பணத்தை எடுத்தது.

இந்த ஆட்டங்கள் திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே, மூணு சீட்டு அப்படியல்ல என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு, அவசரச் சட்டம், மசோதாவை ஆளுநர் திருப்பியனுப்பியது, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. கடைசியில் உயர் நீதிமன்றத்தின் 2023 நவம்பர் 9 தீர்ப்பு சட்டத்தை நிற்க விட்டது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று அட்டவணையில் சேர்த்ததை மட்டும் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் செய்வது திறமை என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டதே. திறமை என்றது சரிதான், இன்றும் அதை மறுக்க மாட்டேன். ஆனால் எதன்மேல் செலுத்தும் திறமை? தச்சனின் திறமை மரத்தின்மேல் செல்கிறது. பாடகரின் திறமை அவருடைய குரலின்மேலேயே செல்கிறது. என் திறமை ஒரு மனிதர் விட முடியாமல் தவிக்கிற இடத்தின்மேல் சென்றது. சதுரங்கத்திலும் எதிராளியின் பிழையால்தான் ஜெயிக்கிறோம் என்பார்கள். உண்மைதான், ஆனால் சதுரங்கத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் கெட்டிக்காரராக வருகிறார். என் நோட்டில் இருந்தவர் தோற்கத் தோற்க இன்னும் இறுக்கிப் பிடித்தார். சூதாட்டத்தின் பிடியில் விழுந்தவர் என்று நாளிதழ்கள் யாரை எழுதுகின்றனவோ அவருக்கும், நான் ‘உடும்பு’ என்று வகை பிரித்தவருக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது? போட்டதை விட்டுவிட்டு எழுந்துபோக முடியாமை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதை நோய் என்கிறார்கள். நான் அதை வரவு என்று எழுதியிருந்தேன்.

திருவள்ளுவர் சூது என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், தொண்ணூற்று நான்காவது. பத்துக் குறளையும் இந்தக் கோடையில் திரும்பப் படித்தேன். பத்தும் ஆடுகிறவனுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றியவை: அவன் பொருள், அவன் பெயர், அவன் சோறு துணி. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு ஆடுகிறவன் என்ன செய்கிறான் என்று ஒன்று வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நளன் கதை அந்த இடத்தைத் தொடுகிறது. ருதுபர்ணனிடம் குதிரை வித்தையைக் கொடுத்துச் சூதின் வித்தையை வாங்கிக்கொண்ட நளன், திரும்பி வந்து, முன்பு தன்னைச் சூதில் தோற்கடித்த புட்கரனை ஜெயிக்கிறான். பாரதத்தில், ஜெயித்த பிறகு அவனை வாழவிட்டு அவன் பங்கையும் கொடுத்தனுப்புகிறான். வித்தை தெரிந்தவன், எதிரே இருப்பவன் கலியின் கையில் தான் இருந்த அதே இடத்தில் இருப்பதைப் பார்க்கிறான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நளனுக்குப் புட்கரனின் முகம் தெரியும், கூடப் பிறந்தவன். நான்கு எண்ணில் முடிகிற ஒரு பெயருக்கு 175 ரூபாயை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

முகம் தெரிந்து செய்கிற இதே வித்தையை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேனோ என்னவோ. என் சித்தப்பா மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர். சிறுவனாக அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போவேன். சாணியும் வைக்கோலும் டீத்தூளும் கலந்த வாசனை, கொம்புக்குப் புதிதாகப் பூசிய வண்ணத்தின் வாசனை. விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டை இரண்டு கைக்கும் மேலே போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்கிற யாருக்கும் எவ்வளவு என்று தெரியாது. மேலே துண்டு மட்டும் அசையும். ஒருமுறை ஒரு சம்சாரியின் கையைத் துண்டுக்குள் பிடித்தவர் உடனே எடுத்துவிட்டார். “போய் டீ குடிச்சிட்டு வாங்கண்ணே, அப்பறம் பேசுவம்” என்று அனுப்பினார். வாங்க வந்தவருக்குக் கோபம். வழியில் நான் கேட்டேன், “ஏன் சித்தப்பா அனுப்பிட்டீங்க?” கொஞ்ச தூரம் மிதித்துவிட்டுச் சொன்னார்: “கை வேர்த்துக் கெடந்துச்சுப்பா. அவரு மாடு விக்க வரல, கடனு கட்ட வந்துருக்காரு. அந்நேரம் எந்த வெரல நீட்டுனாலும் சரின்டுருவாரு. துண்டுக்குள்ள நமக்கு மட்டுந்தான தெரியுது?” எல்லாத் தரகரும் அப்படி அல்ல, சித்தப்பாவும் எல்லா நாளும் அப்படி இருந்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நினைவு அவரைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கலாம். ஆனால் வேர்த்த கையைத் தொட்டவுடன் அவருக்கு என்ன தெரிந்ததோ அதேதான், பன்னிரண்டு மணிக்கு மேல் உடும்பின் ஆட்டத்தில் எனக்கும் தெரிந்தது. அதே அறிவு. அவர் கையை எடுத்தார். நான் 117 ரூபாய் வைத்தேன்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் புது விதி வந்தது: இரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது, ஆதார் காட்டித்தான் கணக்கு. எதிர்த்து வழக்கு நடந்தது. ஜூனில் உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. முதல் வாரம் எனக்கு அந்த ஐந்து மணி நேரம் பெரிய பள்ளம் போல இருந்தது. என்னுடைய வரவில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்துக்குள்தான் இருந்திருக்கிறது என்று நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது தெரிந்தது. ஒருநாள் விழிப்பு வந்து, 5 மணி அடித்ததும் மாடியிலிருந்து செயலியைத் திறந்தேன். கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை. பக்கத்து வீட்டில் வாசல் தெளிக்கும் சத்தம். முதல் மேசையில் நான்கு பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் அவர். 5 மணி 1 நிமிடம். இரவெல்லாம் காத்திருந்தாரோ, என்னைப் போல விழித்துக்கொண்டாரோ. நான் மேசையில் உட்காரவில்லை. அதைப் பெருந்தன்மை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு நாள் கழித்து உட்கார்ந்தேன். ஆனால் அன்று பாயிலேயே உட்கார்ந்து அவர் ஆடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், கடை திறக்கும் நேரம் வரை. அவரும் அவ்வளவு நேரமும் இருந்தார்.

2025 ஆகஸ்ட் 20. பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் நாடு முழுவதும் தடை செய்யும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை, அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்று நாளில் முடிந்துவிட்டது. 20ஆம் தேதி இரவு மேசைகள் இன்னும் திறந்திருந்தன. செய்தியைப் பார்த்தபின் மாடிக்குப் போனேன். அவர் இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் 39 ரூபாய் சேர்ந்திருந்த ஒரு கை. மேசையில் நான்கு சீட்டு திறந்திருந்தது. என் கையில் ஒன்றுமே இல்லை. அவரிடம் ஒருபோதும் செய்யாததை ஏன் செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசி இரவு என்பதாலோ, அவர் பக்கம் கொஞ்சம் பணம் போகட்டும் என்று மனத்தின் ஏதோ ஒரு மூலை நினைத்ததாலோ. 39 ரூபாய் வைத்தேன். பொய். அவர் வருவார், ஐந்தாவது சீட்டில் நான் இறங்கிக்கொள்வேன், பணம் அவருக்குப் போகும் என்று இருந்தேன். அவர் வட்டத்தைச் சுற்றி நேரம் தேய்ந்தது. பாதிகூடத் தேயவில்லை. சீட்டைப் போட்டுவிட்டார்.

விட்டுவிட்டார். நடுவில் இருந்த பணம், செயலியின் பங்கு போக, என் பக்கம் நகர்ந்து வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டேன், எழுத முடியவில்லை. அவர் விடமாட்டார் என்று ஒரு வருடத்துக்கு முன் எழுதினேன். அதனால் அவரிடம் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லாததால் அவர் விடுகிறாரா இல்லையா என்று சோதித்துப் பார்க்கவே இல்லை. கையில் நல்ல சீட்டு இருந்து நான் வைத்தபோது அவர் எத்தனையோ தடவை சீட்டைப் போட்டுவிட்டிருக்கலாம். அதையெல்லாம் அன்றைக்கு அவருக்குச் சீட்டு வரவில்லை என்று ஒதுக்கிவிட்டுக் கூட வந்த தடவைகளை மட்டும் எழுதியிருக்கிறேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்: கடைசிக் குறிப்பின் தேதி மே மாதம். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றுமில்லை என்று விட்டிருக்கிறேன். அடுத்த கை பகிர்ந்தபோது அவருடைய வட்டம் காலியாக இருந்தது. மணி 11:40. அந்நேரத்துக்கு அவர் எழுந்துபோய் நான் பார்த்ததில்லை. சாதாரணமாக எத்தனை மணிக்கு எழுந்துபோவார் என்பதும் நோட்டில் இல்லை.